கத்திரி வெயிலும் அப்பாவின் மீட்டர் டைரியும்

மட்டாஞ்சேரியில் எங்கள் கிளையில் மே மாதம் வந்தால் தினமும் காலையில் ஒரே பேச்சுதான். உள்ளே வரும் ஒவ்வொருவரும் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே "எந்தொரு சூடா சாரே" என்பார்கள். பஜார் ரோட்டில் மிளகு மூட்டை தூக்குகிறவரும் சொல்வார், மிளகு ஏற்றுமதி செய்கிறவரும் சொல்வார். நான் ஒரு புன்னகையோடு செல்போனை எடுத்துக் காட்டுவேன். அதில் இரண்டு ஊர் வைத்திருக்கிறேன். மட்டாஞ்சேரி 33, வேலூர் 41. "இதுக்கே இப்படின்னா எங்க ஊருக்கு வந்து பாருங்க" என்று சொல்லும்போது ஒரு அல்ப சந்தோஷம் வரும் பாருங்கள், அதைச் சொல்லி மாளாது. ஏதோ வேலூர் வெயிலை நானே சம்பாதித்து டெபாசிட் போட்டு வைத்த மாதிரி :-)

இந்தப் பெருமை எனக்கு மட்டும் இல்லை. வெளியூரில் இருக்கும் நம்மாட்கள் முக்கால்வாசிப் பேருக்கு உண்டு. மதுரைக்காரர், கரூர்க்காரர், பாளையங்கோட்டைக்காரர் மூன்று பேர் சேர்ந்தால் யார் ஊரில் வெயில் ஜாஸ்தி என்று சண்டை வந்துவிடும். நம் பேப்பர்களும் சும்மா இருக்காது. "வேலூரில் வெயில் சதம்" என்று ஸ்கோர் போடும். (கவனித்திருப்பீர்கள், சதத்துக்கு மட்டும் ஃபாரன்ஹீட். 37.8 என்று போட்டால் யார் வாங்குவார்கள்?)

2024 மே வரைக்கும் நானும் அப்படித்தான் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன்.

கொச்சிப் புழுக்கமும் வேலூர் வெயிலும் ஒரே சரக்கு இல்லை. இங்கே மே மாதம் சராசரியாக 32, 33 டிகிரி. ஆனால் காற்று முழுக்க ஈரம். மதியத்திலும் 65, 70 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. குளித்துவிட்டுத் துடைத்த துண்டு மறுநாள் காலையிலும் நனைந்தே இருக்கும். பீரோவில் வைத்த தோல் பெல்ட்டில் பூஞ்சை பூக்கும். நம் உடம்பு குளிர்வதற்கு ஒரே வழி வேர்வை காய்வது. இங்கே அது காய்வதில்லை, சொட்டுகிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் 33 டிகிரியிலேயே நாம் "ஐயோ" என்கிறோம்.

வேலூரில் கதை நேர் எதிர். சுற்றிலும் மொட்டைப் பாறை மலை. பாலாற்றில் கரைக்குக் கரை மணல். எங்கள் ஊரைப் பற்றி "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று கிண்டல் செய்வார்கள். சாமி 1981ல் கோயிலுக்குள் வந்துவிட்டார். மற்ற மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன. மே மாதம் மதியம் காற்றில் ஈரம் முப்பது சதவீதம் இருந்தால் அதிகம். துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் மொடமொட என்று காய்ந்திருக்கும். உடம்பு வேர்க்கும், ஆனால் வேர்த்தது தெரியாது. தோலை விட்டு வெளியே வரும்போதே காற்று குடித்துவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். "எனக்கு ஒண்ணும் வேர்க்கவே இல்லையே" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே மனிதர் லிட்டர் லிட்டராகத் தண்ணீரை இழந்துகொண்டிருப்பார். கொச்சி வெயில் கூச்சல் போட்டுக் கடன் கேட்கிறவன் மாதிரி. வேலூர் வெயில் சத்தமே இல்லாமல் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறவன்.

கத்திரி எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சாங்கப்படி அக்னி நட்சத்திரம் மே 4ஐ ஒட்டித் தொடங்கி 28, 29 வரை ஓடும். வானிலைத் துறையின் கணக்கில் அப்படி ஒரு காலமே கிடையாது. ஆனால் பஞ்சாங்கத்தைப் பழிக்கவும் முடியாது. வேலூர் உச்சந்தலைக்கு நேரே சூரியன் வருவது ஏப்ரல் 24, 25 வாக்கில். அதற்கப்புறமும் பூமி சூட்டை வாங்கி வாங்கிச் சேர்த்துவைக்கிறது. பாறைக்குக் கேட்கவே வேண்டாம். அத்தோடு மேற்குக் காற்று பிடித்துக்கொள்கிறது. இங்கே அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு ஏறும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மழையாகக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மறுபக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறும். கிழக்கே வங்கக் கடலிலிருந்து வர வேண்டிய கடற்காற்றையும் அது உள்ளே விடாது. சென்னையே 2003 மே 31 அன்று 45 டிகிரி பார்த்தது. கடல் பக்கத்தில் இருக்கும் ஊருக்கே அந்தக் கதி. ஆக, மட்டாஞ்சேரியில் நான் ஜன்னலோரம் நின்று "ஆஹா மழை" என்று டீ குடிக்கும் அதே காற்றுதான் நாலு மலை தாண்டி என் அப்பா அம்மா தலையில் அனலாக விழுகிறது. தெரிந்தபோது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

சின்ன வயதில் எங்கள் வீடு நாட்டு ஓடு போட்ட வீடு. திண்ணை, முற்றம் எல்லாம் உண்டு. கத்திரியில் காலை ஆறு மணிக்கே வெளி வேலை முடிந்துவிடும். ஒன்பது மணிக்குக் காகம் குரல் இறங்கும். பதினொரு மணிக்குத் தெருவில் நாய் கூட இருக்காது. பாட்டி ஜன்னலை எல்லாம் சாத்தி, கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவார். காய்ந்த காற்று அதில் பட்டு வந்தால் உள்ளே சில்லென்று இருக்கும். (மட்டாஞ்சேரியில் இந்தச் சாக்கு வித்தையைக் காட்டினேன். சாக்கில் காளான் முளைக்காததுதான் பாக்கி.) ஒரு மணிக்குப் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். பிறகு ஊரே படுத்துக்கொள்ளும். நாலரைக்கு எழுந்து வாசலில் தண்ணீர் தெளித்தால் புஸ்ஸென்று ஆவி வரும். ராத்திரி மட்டும் சுகம். வறண்ட ஊரில் ராத்திரி சீக்கிரம் ஆறிவிடும், முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்தால் விடியற்காலை போர்வை தேடுவோம்.

அந்த வீடு இப்போது இல்லை. நான்தான் இடித்தேன். வேலையில் சேர்ந்து ஆறாவது வருஷம், ஸ்டாஃப் ஹவுசிங் லோன் போட்டு, சத்துவாச்சாரிப் பக்கம் கான்கிரீட் வீடு. ஓட்டு வீட்டில் பெற்றவர்களை வைத்திருப்பது ஆபீசர் பிள்ளைக்கு அழகா? அன்று எல்லாரும் பாராட்டினார்கள். நானே எத்தனையோ பேருக்கு வீட்டுக் கடன் பார்த்திருக்கிறேன். பட்டா கேட்போம், வில்லங்கம் கேட்போம், பிளான் அப்ரூவல் கேட்போம். கூரையில் என்ன போடுகிறீர்கள், மேற்குச் சுவரில் ஜன்னல் எத்தனை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஐந்தங்குலக் கான்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் அதை உள்ளே விடும். மேலே தட்டோடு பதித்து, சுண்ணாம்பாவது அடித்திருந்தால் கொஞ்சம் தாங்கும். நாங்கள் பட்ஜெட்டில் அதை வெட்டிவிட்டு ஹாலுக்கு பளபள டைல்ஸ் போட்டோம். ஆக வறண்ட ஊரின் ஒரே சலுகையான குளிர்ந்த ராத்திரியையும் கடன் வாங்கிக் காலி செய்தவன் நான்.

சரி, 2024 மே. கத்திரி தொடங்கிய வாரம். ஏப்ரல் கடைசியிலிருந்தே தமிழ்நாட்டில் உள்மாவட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. கேரளத்திலும் அந்த ஏப்ரலில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை என்று வானிலைத் துறையே அறிவித்தது. நாங்கள் மே 11 அன்று ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போவதாக டிக்கெட். அதற்கு முன்னால் அம்மா பேரப்பிள்ளைகளுக்காக கூழ் வத்தல் போட வேண்டும் அல்லவா? அது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். கொச்சியில் வத்தல் போட்டால் காயாது, புளிக்கும். அதனால் வருஷத்துக்கு இரண்டு டின் ஊரிலிருந்து வரும். தங்கமணியும் போனில் "அத்தை, போன தடவை காரம் கம்மி" என்று ஆர்டர் கொடுத்திருந்தாள். (அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மோர் மிளகாய்க்கு ஆர்டர் கொடுத்தது நான்.)

வத்தல் போடுவது விடியற்காலை வேலைதான். ஆனால் காய்ந்ததைத் துணியிலிருந்து உரிக்கவும், திருப்பிப் போடவும், காக்காய் விரட்டவும் மொட்டை மாடிக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அம்மாவுக்கு 69 வயது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், அதில் ஒன்று நீர் பிரிய வைக்கும் மாத்திரை. மதியம் ஒன்றரைக்கு மேலே போனவர் இறங்கவில்லை. அப்பா கீழே படுத்துத் தூங்கிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா துணி எடுக்க அவர்கள் மாடிக்கு வந்தபோது பார்த்திருக்கிறார். அம்மா தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து, வத்தலை உரித்து உரித்து மறுபடியும் அதே துணியில் அடுக்கிக்கொண்டிருந்தாராம். கூப்பிட்டதற்கு என் பெயரைச் சொல்லி, "அவன் ஸ்கூல்லருந்து வந்துட்டானா?" என்று கேட்டாராம்.

அந்த அக்கா பெரிய படிப்பெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் அன்று அவர் செய்ததை நான் செய்திருப்பேனா என்று தெரியவில்லை. தொட்டுப் பார்த்தால் தோல் நெருப்பு, வேர்வை இல்லை. உடனே படிக்கட்டு நிழலுக்கு இழுத்து, டிரம்மில் இருந்த தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றி, புடவையை நனைத்து முறத்தால் விசிறியிருக்கிறார். அதற்கப்புறம்தான் அப்பாவை எழுப்பி 108க்குப் போன் போட்டார்கள். வெப்ப வாதத்தில் உடம்பு உள்சூடு 40 டிகிரியைத் தாண்டிவிடும், மூளை குழம்பும். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும் நிமிஷங்களில் குளிர வைப்பதுதான் உயிரைக் காப்பது. நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது, புரையேறும். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நான் அப்போது மட்டாஞ்சேரியில் ஆடிட் பார்ட்டிக்கு ஃபைல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மிஸ்டு கால் ஆறு. போன் சைலண்டில்.

அம்மா பிழைத்துக்கொண்டார். நாலு நாள் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தார். டிஸ்சார்ஜ் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவு, ரத்த அழுத்தம். வெயில் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. டாக்டரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் காகிதம் படிப்பது என் தொழில். அந்தக் காகிதத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. அம்மா போயிருந்தால் சான்றிதழில் "மாரடைப்பு" என்று இருந்திருக்கும்.

இருபது வருஷமாக நாமினி கிளெய்ம் பார்க்கிறேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எத்தனையோ கையில் வந்து போயிருக்கும். வெயிலால் இறந்தார் என்று ஒரு காகிதமும் என் மேஜைக்கு வந்ததாக நினைவில்லை. அப்படியென்றால் யாரும் வெயிலால் சாகவில்லையா? அகமதாபாத் கணக்கைப் பாருங்கள். 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 வரை போனது. ஆய்வாளர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டை நம்பாமல், நகரத்தில் அந்த மாதம் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள், வழக்கமாக எத்தனை பேர் என்று கழித்துப் பார்த்தார்கள். 1,344 பேர் கூடுதல். சீட்டில் மாரடைப்பு, சிறுநீரகம், வயோதிகம் என்று இருந்தவர்கள் எல்லாம் கழித்தலில் மாட்டினார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், வவுச்சரில் வராத செலவு டிரையல் பேலன்ஸில் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் 2013ல் அந்த நகரம் வெப்பத்துக்கு என்று தனித் திட்டம் போட்டது.

கேரள அரசு 2019லும் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரிலும் வெப்பத்தை மாநிலப் பேரிடராக அறிவித்தன. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி. நல்ல காரியம். ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று காகிதத்தில் நிலைநாட்ட வேண்டும். தனியாக இருக்கும் கிழவர் மதியம் மூன்று மணிக்குக் கட்டிலில் அசையாமல் கிடந்தால் "வயசாச்சு, தூக்கத்துலயே போயிட்டார், புண்ணியம் பண்ணவர்" என்று தூக்கிக்கொண்டு போகிறோம். யார் பிரேதப் பரிசோதனை கேட்கப் போகிறார்கள்?

இன்னொரு வேடிக்கை. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும், அத்தோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும், அப்போதுதான் வானிலைத் துறைக்கு அது வெப்ப அலை. (45ஐத் தொட்டால் வழக்கம் பார்க்க மாட்டார்கள்.) வேலூரில் மே மாத வழக்கமே 38, 39. அப்படியானால் 42 அடித்தாலும் கணக்குப்படி அது வெப்ப அலை இல்லை, சாதாரண நாள்! என் அம்மா விழுந்தது அந்த மாதிரி ஒரு சாதாரண நாளில்தான். "இது வருஷா வருஷம் இருக்கறதுதானேடா" என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார். வழக்கம் என்பதற்காக உடம்பு வட்டி தள்ளுபடி செய்யுமா? நாற்பது வயதில் தாங்கிய அம்மா வேறு, எழுபதில் மாத்திரையோடு நிற்கும் அம்மா வேறு. ஓட்டு வீட்டு அம்மா வேறு, கான்கிரீட் வீட்டு அம்மா வேறு.

2003 ஆகஸ்டில் பிரான்ஸில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். ஒரு வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். ஆகஸ்ட் அங்கே விடுமுறை மாதம். பிள்ளைகள் ஊரில் இல்லை, டாக்டர்கள் பலர் லீவு. பாரிஸில் வந்து வாங்க ஆளில்லாத உடல்களும் இருந்தன. பணக்கார நாடு, ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. போய்க் கதவைத் தட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் அங்கே நகராட்சிகள் தனியாக வசிக்கும் முதியவர்களின் பட்டியல் வைத்துக்கொண்டு, வெயில் ஏறினால் கூப்பிட்டு விசாரிக்கின்றன.

நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். வேலூர், கரூர், திருநெல்வேலி, எங்கே போனாலும் தெருவுக்கு நாலு வீட்டில் கிழவர் கிழவி மட்டும். பிள்ளைகள் பெங்களூர், கொச்சி, துபாய், நியூஜெர்சி. நாம்தான் அந்தப் பிள்ளைகள். நாம் போன் செய்வது எப்போது? ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பிட்டாச்சா என்று. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நீளமாக. என் கட்சி இதுதான்: கத்திரி இருபத்தைந்து நாளும் மதியம் மூன்று மணிக்குப் போன் செய்ய வேண்டும். தூக்கம் கலைந்து திட்டினால் திட்டட்டும். திட்டுகிற குரல் தெளிவாக இருக்கிறதா என்று கேட்கத்தான் போன். எடுக்கவில்லை என்றால் ஓடிப் போய்ப் பார்க்கப் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவி இருக்க வேண்டும். பிரஷர் மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் ஏப்ரலிலேயே "வெயில் காலத்துக்கு டோஸ் மாற்றணுமா?" என்று கேட்க வேண்டும் (நாமாக நிறுத்தக் கூடாது). பேரப்பிள்ளைக்கு வத்தல் வேண்டுமென்றால் கடையில் விற்கிறது.

அப்புறம் ஏசி. இங்கேதான் அப்பாவோடு என் யுத்தம்.

நாற்பது டிகிரிக்கு மேலே ஃபேன் போடுவதால் பயனில்லை, அது சூடான காற்றை உடம்பில் அடித்து இன்னும் சூடேற்றும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதனால் 2024 ஜூனில் அவர்கள் படுக்கும் அறையில் ஏசி மாட்டினேன். அடுத்த முறை போனபோது அதன் மேல் பழைய வேட்டி போர்த்தி, பொட்டு வைத்து, ஆயுதபூஜைக்கு ரெடியாக நின்றது. காரணம் அப்பாவின் டைரி. ரிடையர்டு ஆனதிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு ஈபி மீட்டரைப் படித்து எழுதுகிறார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாபுக்கும் ரேட் மாறும். அந்த 500 அவருக்கு லட்சுமணன் கோடு.

நான் பி.காம். படித்தவன், அவர் அந்தக் கால எஸ்.எஸ்.எல்.சி. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மணிக்கு ஒரு யூனிட் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். மதியம் மூன்று மணி நேரம், ராத்திரி ஐந்து மணி நேரம், இருபத்தைந்து நாள். 200 யூனிட். ரூபாய்க்கு மாற்றினால் நாங்கள் நாலு பேர் ஏசி பெட்டியில் ஒருவழி வரும் காசில் பாதி கூட ஆகாது. ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி நான் பேசவே இல்லை. "கணக்கு சரிதான்" என்றார். "ஆனா ஏசில படுத்தா முட்டி பிடிச்சுக்குது." முட்டிக்கு எந்த ஸ்லாபில் பதில் சொல்வது?

எல்லாருக்கும் ஏசி மாட்ட வசதி இருக்காது என்பது தெரியும். எல்லாரும் மாட்டினால் அதன் சூடு தெருவுக்குத்தான் வரும் என்பதும் தெரியும். கூரைக்கு வெள்ளையடிப்பது அதைவிட மலிவு, அதையும் செய்தேன். தெலங்கானாவில் 2023ல் குளிர்கூரைக்கு என்று கொள்கையே கொண்டுவந்தார்கள். ஆனால் 69 வயது அம்மாவைக் கொள்கை வரும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது.

வெளியில் வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒன்று. இங்கே கேரளத்தில் வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச்சில் தொழில் துறை உத்தரவு போடும். வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு கொடுக்க வேண்டும். மீறினால் ஆய்வாளர் வருவார். வந்த புதிதில் "33 டிகிரிக்கு இவ்வளவு சீனா" என்று சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை. பாட்டி காலத்தில் ஊரே தானாகப் படுத்த நேரம் அது. அதைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். 41 அடிக்கும் ஊரில் தார் ரோடு போடுகிறவருக்கு இது இங்கேயைவிட எத்தனை மடங்கு வேண்டும்!

"ஏன், அவர்களைக் கொச்சிக்கே கூட்டி வந்துவிட வேண்டியதுதானே" என்பீர்கள். 2025ல் செய்தேன். லீவுக்கு நாங்கள் ஊருக்குப் போவதற்குப் பதில், மே முதல் வாரமே அவர்களை இங்கே அழைத்து வந்தோம். சுலபமாக இல்லை. அம்மாவுக்கு இந்தப் புழுக்கம் ஆகவே ஆகாது. "வெயிலே இல்லாம எதுக்குடா இப்படி வேர்க்குது" என்று நாளுக்கு மூன்று தடவை குளித்தார். ஃப்ளாட்டில் பேச ஆளில்லை. அப்பா மட்டும் நாலாம் நாள் தனக்கு ஒரு இடம் கண்டுபிடித்துவிட்டார். ஃபோர்ட் கொச்சி வேளியில் தோபி கானா இருக்கிறதே, அங்கே. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்க வந்த தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று சொல்வார்கள், இன்றும் வீட்டில் தமிழ்தான். முறுக்கிய கயிற்றின் இடுக்கில் கிளிப் இல்லாமல் துணியைச் செருகிக் காய வைப்பார்கள். அப்பா தினமும் சாயங்காலம் போய் நின்று, எங்கள் ஊரில் இதெல்லாம் கால் மணியில் காயும் என்று பீற்றிக்கொண்டு வருவார். பிள்ளைக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று தங்கமணி கண்டுகொண்டாள்.

அந்த வருஷம் பருவமழை மே 24க்கே கேரளத்தில் இறங்கிவிட்டது. வழக்கம் ஜூன் 1. அதைவிடக் கொடுமை, ஊரிலும் அந்த மே மாதம் அங்கங்கே மழை பெய்து கத்திரியே பிசுபிசுத்துப் போனது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்லா ஜிலுஜிலுன்னு இருந்திருக்கும் வீட்ல." அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்ஷூரன்ஸ் எடுத்த வருஷம் விபத்து நடக்கவில்லை என்று பிரீமியத்தைத் திருப்பிக் கேட்கிற வாடிக்கையாளர்களை நான் பார்க்காததா?

இந்த வருஷம் அம்மா வரமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கொச்சி என்றால் உடம்பெல்லாம் வேர்க்குரு ஞாபகம் வருகிறதாம். பேச்சுவார்த்தை நடத்தி ஒரு உடன்படிக்கைக்கு வந்திருக்கிறோம். வத்தல் கிடையாது. மாடிச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். மூன்று மணிப் போனை எடுத்தே ஆக வேண்டும். கத்திரியின் கடைசி பத்து நாள் நான் தனியாக லீவு போட்டு அங்கே போகிறேன். பிள்ளைகளும் தங்கமணியும் இங்கேயே இருப்பார்கள். ஏசி ஷரத்தில் மட்டும் இழுபறி. கடைசியில் அப்பா இறங்கிவந்து, மதியம் இரண்டு மணி நேரம் போடுகிறேன், அத்தாட்சியாக டைரிப் பக்கத்தைத் தினமும் போனில் அனுப்புகிறேன் என்றார்.

நேற்று வந்த பக்கம் இது. மீட்டர் ரீடிங், அதன் கீழே சிவப்பு மையில் "ஏ.சி. 1 மணி 10 நிமிடம். அம்மா தூங்கினாள். எனக்கு முட்டி வலி."

மீதி ஐம்பது நிமிஷத்துக்கு இன்று மூன்று மணிக்குப் போன் போட வேண்டும்.